'மரோஸ்' என்றால் என்ன? குளிருக்கு 'ஜெனரல்' பட்டம் கொடுத்தது யார்?

குளிர்காலம் வந்தாலே உக்ரைன் போர்ச் செய்திகளில் ஒரு பெயர் அடிபடும்: 'ஜெனரல் மரோஸ்'. ரஷ்யாவுக்காகப் போரிடுவதாகச் சொல்லப்படும் இந்தத் தளபதி, ஆள் இல்லை, குளிர்.

'மரோஸ்' என்ற ரஷ்யச் சொல்லுக்கு உறைய வைக்கும் குளிர் என்று பொருள். 'ஊட்டியில் உறைபனி' என்று படிக்கிறோமே, புல் மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது இல்லை. அதற்கு அங்கே வேறு சொல் உண்டு. மைனஸ் 20 டிகிரியை '20 டிகிரி மரோஸ்' என்றே சொல்வார்கள். 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கும் நமக்கு இது கொஞ்சம் புதுசுதான்.

உறைவதைக் குறிக்கும் பழைய ஸ்லாவிய வேரில் பிறந்த சொல் இது. போலந்தில் 'ம்ரூஸ்', பல்கேரியாவில் 'ம்ராஸ்'. அயோக்கியனைத் திட்டும் 'மெர்ஸாவெட்ஸ்' கூட இதே குடும்பம்தான்! உக்ரைன் மொழியிலும் அதே எழுத்துகள். உச்சரிப்பு மட்டும் 'மொரோஸ்'.

சரி, 'ஜெனரல்' எப்படி வந்தது? 1812-ல் நெப்போலியன் படை ரஷ்யாவில் சிதைந்தபோது, லண்டனில் வெளியான ஒரு கேலிச்சித்திரம் குளிரைத் தளபதியாக வரைந்தது. ஆனால் குளிர் வருவதற்கு முன்பே, கோடை வெயிலிலும் பசியிலும் நோயிலும் அந்தப் படை பெருமளவு கரைந்திருந்தது. 1939-40 பின்லாந்து போரில் உறைந்து செத்தவர்களில் சோவியத் வீரர்களே ஏராளம். ஆக, மரோஸ் யாருக்கும் விசுவாசமான தளபதி இல்லை.

இப்போது நடப்பது வேறு. உக்ரைன் நகரங்களில் பெரும்பாலான அடுக்குமாடிகளுக்கு, ஒரே இடத்தில் சூடாக்கப்பட்ட தண்ணீர் குழாய் வழியாக வந்துதான் வீடு கதகதப்பாகிறது. மின்சாரம் போனால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் வீடு குளிரும். நீண்ட நேரம் நின்றுவிட்டால் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். 2022 அக்டோபர் 10 முதல் மின்கட்டமைப்பைக் குறிவைத்து ரஷ்யா ஏவுகணைகளை வீசத் தொடங்கியபோது, கைக்குழந்தையும் முதியவர்களும் இருக்கும் வீடுகளுக்குள் மரோஸ் நுழைந்தது இப்படித்தான். ஏவியவர்கள் மனிதர்கள். குளிர் மீது பழி போட முடியாது.

இந்தத் தாக்குதல்களுக்காக ஷோய்கு, கெராசிமோவ் உட்பட 4 பேர் மீது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2024-ல் கைது வாரண்ட் பிறப்பித்தது. ராணுவத் தேவைக்கான மின்சாரத்தைத்தான் தாக்குகிறோம் என்கிறது ரஷ்யா. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் அது ஏற்கவில்லை.