உயரம் பார்த்து ஒதுக்காதீர்கள்

1989 ஆஸ்திரேலிய ஓப்பனின் இரண்டாம் சுற்றில் மேட்ஸ் விலாண்டரை எதிர்த்து ஆடினார் சென்னைக்காரர் ரமேஷ் கிருஷ்ணன். அன்றைக்கு உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் விலாண்டர். முந்தைய ஆண்டின் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் மூன்று அவர் கையில். அவரை ஒரு செட்கூட எடுக்கவிடாமல் அனுப்பிவைத்தார் ரமேஷ். இத்தனைக்கும் ரமேஷிடம் வேகமான சர்வ் கிடையாது. அந்தக் காலத்து முன்னணி வீரர்களில் மிக மெதுவாக சர்வ் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

நான் திருப்புட்குழிக்காரன். சுற்று வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குறுவட்டப் போட்டிக்கு அணி எடுக்கும் மைதானத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். முதலில் உயரம் பார்ப்பார்கள், பிறகு தோள் அகலம், பிறகு ஓட்டம். கையில் மட்டையைக் கொடுத்துப் பந்தை எங்கே வைக்கிறான் என்று பார்ப்பதற்குள் பட்டியல் முடிந்துவிடும். குட்டையான பையன், ஒல்லியான பெண் எல்லாம் தண்ணீர்க் குடம் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்த பிள்ளைகளுக்காகத்தான் ரமேஷின் கதையை எழுதுகிறேன்.

ரமேஷ் 1961இல் பிறந்தார். 1979இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம் இரண்டும் அவருக்கு. தொழில்முறை ஆட்டத்தில் எட்டு ஒற்றையர் பட்டங்கள். அமெரிக்க ஓப்பனில் 1981, 1987 என இருமுறையும் விம்பிள்டனில் 1986இலும் கால் இறுதி. 1985 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 23ஆம் இடம். இதையெல்லாம் அவர் அடித்து நொறுக்கிச் சாதிக்கவில்லை. பந்து தரையில் பட்டு எழும்பும் நொடியிலேயே அதைச் சந்திப்பார். எதிராளியின் வேகத்தையே வாங்கி, அவர் ஓடி எட்ட முடியாத மூலையில் கொண்டுபோய் வைப்பார். அவர் ஆடும்போது மட்டையில் பந்து படும் ஓசைகூடப் பெரிதாகக் கேட்காது. பதற்றமும் தெரியாது, கத்தலும் இருக்காது.

1987 டேவிஸ் கோப்பை அரை இறுதியை இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே, சிட்னியின் புல்தரையில் சந்தித்தது இந்தியா. முதலில் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றார் ரமேஷ். இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை நேர் செட்களில் வீழ்த்தி நாட்டை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். வானொலிச் செய்தியில் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு டென்னிஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் டென்னிஸ் பந்து தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட் ஆடுவது அந்தப் பந்தில்தானே!

உயரத்துக்கும் வேகத்துக்கும் மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1986 விம்பிள்டன் கால் இறுதியில் ரமேஷை நிறுத்தியவர் ஸ்லோபோதான் ஜிவோயினோவிச். நெடிய உருவம், இடி போன்ற சர்வ். அன்றைவிட இன்றைய டென்னிஸ் இன்னும் வேகமானது. ஆனாலும் உலகத்தின் முதல் இருபத்தைந்து பேருக்குள் வருவது இந்தியாவில் எத்தனை பேருக்கு வாய்த்தது? அதுவரை கொண்டுபோன கைப்பக்குவத்தை நாம் பள்ளி மைதானத்தில் அளந்து பார்ப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்தக் கைப்பக்குவம் நம் பிள்ளைகளிடம் இல்லையா என்றால், இருக்கிறது. பூப்பந்து ஆடும் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, இரண்டு கம்பம், ஒரு வலை. பக்கத்துக்கு ஐந்து பேர். மணிக்கட்டைச் சற்றே திருப்பி, இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் பந்தை இறக்கிவிடுகிற பெண் பிள்ளைகளை நான் எங்கள் வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் யாரும் டென்னிஸ் மட்டையைக் கொடுத்ததில்லை. நான் வேலை பார்த்த எந்தப் பள்ளியிலும் டென்னிஸ் வலை கட்டிப் பார்த்ததும் இல்லை.

ரமேஷுக்குக் கிடைத்தது வேறு. தாத்தா டி.கே. ராமநாதன் டென்னிஸ் ஆட்டக்காரர், பயிற்சியாளர். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரை இறுதி வரை போனவர். தென்காசிப் பக்கத்து வேர் கொண்ட குடும்பம் அது. பேரனின் சர்வ் பலமில்லை என்று அந்தக் குடும்பம் அவனை ஒதுக்கவில்லை. இருக்கிற கைத்திறனை வைத்தே ஆட்டத்தைக் கட்டியது. தினமும் பக்கத்தில் நின்று பார்க்க, ஆட்டம் தெரிந்த பெரியவர் இருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அப்படித் தாத்தா கிடைக்கமாட்டார். அந்த இடத்தில் அரசாங்கம்தான் நிற்க வேண்டும்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இளைஞர் லியாண்டர் பயஸோடு இரட்டையர் கால் இறுதி வரை ஆடிய ரமேஷ், 1993இல் ஓய்வு பெற்றார். 1995இல் அப்பாவோடு சேர்ந்து சென்னையில் டென்னிஸ் பயிற்சி மையம் தொடங்கினார். கற்றதைக் கற்றுக்கொடுக்க அவர் மைதானத்துக்கே திரும்பியது பெரிய காரியம். ஆனால் அரசுப் பள்ளி விட்டதும் திருப்புட்குழியிலிருந்து தினமும் சென்னைக்குப் போய்வர எந்தப் பிள்ளையால் முடியும்?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் நான் கேட்பது பெரிய அரங்கம் அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் ஆட ஒரு மண் கோர்ட் போடுங்கள். பத்து ஆண்டுகளாவது மாற்றலாகாமல் இருக்கும் ஒரு பயிற்சியாளரைப் போடுங்கள். முதல் அணியைப் பூப்பந்து ஆடும் பிள்ளைகளிலிருந்து எடுங்கள். எடுக்கும்போது உயரம் அளக்கும் கோலை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.