ஆகஸ்ட் மாத பில்

2025 தீபாவளிக்கு முந்தைய வாரம். காரமடை ரோட்டில் ஒரு பேக்கரி. அங்கே கணக்கு எழுதும் பெண், பில்லிங் புரோகிராம் எழுதும் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, ஆகஸ்ட்ல கோத்தகிரிக்குப் போட்ட பிஸ்கட் ரிட்டர்ன் வந்திருக்குதுங்க. கிரெடிட் நோட் போட்டா வரி அஞ்சுன்னு வருது. பில்லுல பதினெட்டு இருக்குதுங்களே?"

"அப்படியே நிறுத்து அம்மிணி, வர்றேன்" என்றேன்.

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பிஸ்கட், கேக் வரியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது. அறிவிக்கை வந்தது 17-ஆம் தேதி, அமலானது 22-ஆம் தேதி. நடுவில் கிடைத்தது ஐந்தே நாள். அந்த அவசரத்தில் பொருள் பட்டியலைத் திறந்து 18-ஐ அழித்து 5 என்று போட்டிருந்தார்கள். புது பில்லுக்கு அது போதும். ஆனால் கிரெடிட் நோட் பழைய பில்லைத் திருத்துவது. அந்த பில்லில் போட்ட வரிதான் இதிலும் வர வேண்டும். 1,000 ரூபாய் சரக்குக்கு அன்று கட்டிய வரி 180. இன்று 50 என்று கிரெடிட் நோட் போனால், மீதி 130 ரூபாய் பேக்கரிக்காரர் கைவிட்டுப் போகும். மலைக்கடைகளிலிருந்து ரிட்டர்ன் மூட்டை மூட்டையாக வரும் தொழில் இது.

கோளாறு ஒரே இடத்தில்தான். வரியைப் பொருளோடு கட்டி வைத்திருந்தார்கள், தேதியோடு கட்டவில்லை. 'பிஸ்கட், 18, செப்டம்பர் 21 வரை' என்று ஒரு பதிவு, 'பிஸ்கட், 5, செப்டம்பர் 22 முதல்' என்று அடுத்த பதிவு. இவ்வளவுதான் வேலை. எழுத அரை நாள் ஆனது.

வரி விதிக்கு முன்னால் புரோகிராம் திணறுவது புதிதல்ல. 2024 செப்டம்பரில் கோவை கொடிசியாவில், மத்திய நிதியமைச்சர் முன்னால் அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சொன்னது நாடெங்கும் பேசப்பட்டது. கம்ப்யூட்டரே திணறுகிறது என்றும் அன்று சொன்னார். பில்லிங் புரோகிராம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தப் பேச்சில் பெரிதாகப் பட்டது இதுதான்.

ஜிஎஸ்டிக்கு முந்தைய 'வாட்' காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். விதி மாறியதை முதலில் உணர்வது புரோகிராம் எழுதுகிறவன் அல்ல, கணக்கு மேசையில் உட்கார்ந்திருப்பவர். அதனால் நான் போகும் கடைகளில் ஒரு நோட்டு வைக்கச் சொல்கிறேன்: பொருள், பழைய வரி, புது வரி, எந்தத் தேதி முதல், அறிவிக்கை எண். நோட்டில் ஏறிய பிறகுதான் புரோகிராமில் கை வைப்பேன். பேக்கரியில் அந்த நோட்டு இப்போது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது.

கடை வைத்திருப்பவர்கள் இன்று ஒரு காரியம் செய்யுங்கள். வரி குறைந்த ஏதாவது ஒரு பொருளுக்கு 2025 ஆகஸ்டில் போட்ட பில்லை மறுபடி அச்செடுத்துப் பாருங்கள். பழைய வரி வராவிட்டால், அடுத்த ரிட்டர்ன் மூட்டை இறங்குவதற்குள் உங்கள் ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்துவிடுங்கள்.