பழசு என்று சொன்னது யார்?

எங்கள் தெரு முனையிலே ஒரு தையற்காரர் இருக்கிறார். 2025 தீபாவளித் துணிகளையெல்லாம் தைத்துக் கொடுத்து ஓய்ந்த மறுவாரம், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு லாப்டாப். 2012-ல் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தவற்றில் ஒன்று. அவருடைய மூத்த பெண் அப்போது பன்னிரண்டாம் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்தாள். இன்று அவள் கல்யாணமாகித் திருப்பூரிலே ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறாள். பெட்டி கடைக்குட்டிப் பையனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவன் இப்போது பதினோராம் வகுப்பு.

"கடையில காட்டினேன் சார். இது காலாவதி ஆயிடுச்சாம். இனிமே இதுல எதையும் ஏத்துறது வீணாம். வச்சுட்டுப் போ, எழுநூறு ரூபா தர்றேன், புதுசு முப்பதாயிரத்திலேருந்து இருக்குங்கறான்" என்றார்.

காலாவதி! மருந்துக் குப்பியிலே இந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறேன். பால் பாக்கெட்டிலே பார்த்திருக்கிறேன். பால் புளிக்கும், மருந்து கெடும், நியாயம்தான். ஆனால், விசைகள் ஒவ்வொன்றும் அழுத்தியவுடன் எழுத்தைக் கொடுக்கிற, திரையிலே ஒரு கீறல்கூட இல்லாத ஓர் யந்திரம் எப்படி ஐயா காலாவதியாகும்? அதிலே புளித்துப்போனது எது?

எனக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் தெரியாது. நான் கதை எழுதுகிறவன். கல்லூரிப் படிப்பே பாதியிலே நின்றுபோனவன். ஆனாலும் ஒரு வார்த்தை தவறான இடத்திலே உட்கார்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு? ஆகவே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியிலே ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. 2015 ஜூலையில் வெளிவந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு இலவசமாகத் திருத்தங்கள் அனுப்புவது முடிந்தது. திருத்தம் வராத கணினி பூட்டு பழுதான வீடு மாதிரி. திருடன் வருவான் என்று சொல்லுகிறார்கள். அதிலே பொய் இல்லை. சரி, அடுத்ததான விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்றொரு காப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாக, அதாவது 2017-க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். நினைவகம் 4 ஜி.பி. வேண்டும். தையற்காரர் வீட்டுப் பெட்டிக்கு இந்த யோக்கியதைகளில் ஒன்றுகூட இல்லை. தெருவுக்குத் தெரு எத்தனையோ வீட்டுப் பெட்டிகளின் கதியும் இதுதான்.

ஆகவே யந்திரம் கெடவில்லை. அதற்குள்ளே குடியிருந்த ஒன்று, 'இனி நான் இங்கே இருக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான். குடியிருந்தவன் போனால் வீட்டை இடித்து எழுநூறு ரூபாய்க்கு விற்றுவிட வேண்டுமா?

இந்த இடத்திலே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதினால் அது அயோக்கியத்தனம்.

2012-ல் இதே பெட்டியை, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல், அந்தப் பெண் என்னிடம் கொண்டுவந்தாள். தெருவிலே எழுதுகிறவன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று நினைக்கிற வயது அவளுக்கு. திறந்தபோது அதிலே இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். அதுவும் 'ஸ்டார்ட்டர்' என்ற குறைந்த பதிப்பு. மற்றது 'பாஸ்' என்ற லினக்ஸ். நம் மத்திய அரசின் ஸி-டாக் நிறுவனம் செய்து 2007-ல் வெளியிட்டது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், விலை கிடையாது.

அந்தப் பெண் முதலிலே என்ன கேட்டாள் தெரியுமா? "அண்ணா, இந்தத் திரையில எங்க அம்மா படத்தை வைக்க முடியலையே, ஏன்?" என்றாள். அவளுடைய தாயார் அதற்கு முந்தின வருஷம்தான் இறந்துபோயிருந்தார். நான் அரைமணி நேரம் முயன்று பார்த்தேன். முடியவில்லை. அந்த 'ஸ்டார்ட்டர்' பதிப்பிலே திரையின் பின்புறப் படத்தை மாற்றவே வழி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. மாற்ற வேண்டுமானால் மேலான பதிப்பை விலைகொடுத்து வாங்க வேண்டும். பெட்டி உனக்கு இலவசம். ஆனால் சுவரிலே ஆணி அடிக்கக் கூடாது! வாடகை வீட்டிலே குடியிருந்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமானதுதான்.

பக்கத்து வாசலிலே, பாஸிலே, அம்மா படத்தை ஒரு நிமிஷத்தில் மாட்டியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. "இது கவர்ன்மெண்டு சமாசாரம், ஒன்றுக்கும் உதவாது, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி, கடைவீதியிலே ஒரு பையனிடம் அனுப்பினேன். அவன் இரண்டு வாசல்களையும் அடித்து நொறுக்கிவிட்டு, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு திருட்டு விண்டோஸை ஏற்றிக் கொடுத்தான். அம்மா படம் வந்தது. கொஞ்ச நாளில் அந்தப் படம் போய்த் திரை கறுப்பாகி, 'இது அசல் அல்ல' என்ற வாசகமும் வந்தது. அவள் கல்லூரி போகிற வரைக்கும் அந்த வாசகத்தோடேயே படித்தாள்.

நான் ஒருவன்தான் இப்படிச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. சொந்த வீட்டுப் பத்திரத்தைக் கிழித்து அடுப்பிலே போட்டுவிட்டு, திருட்டுச் சாவி வைத்துக்கொண்டு வாடகை வீட்டிலே நுழைந்ததைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இந்தச் 'சொந்த வீடு' எப்படி வந்ததென்று இப்போது கொஞ்சம் படித்தேன். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவிலே எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே வந்து சேர்ந்த ஓர் அச்சுப்பொறியிலே அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். முந்தைய பொறிக்கு அவரே நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகிறமாதிரி செய்து வைத்திருந்தார். புதியதற்கு நிரலைக் கேட்டால், வேறு பல்கலைக்கழகத்திலே அதை வைத்திருந்தவர், 'யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்' என்று மறுத்துவிட்டார். மனுஷனுக்குக் கோபம் வந்தது. 1983-ல், எல்லோருக்கும் பொதுவான ஒரு தளத்தை எழுதப் போவதாக அறிவித்தார். 1991-ல் ஹெல்ஸிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இருபத்தொரு வயதிலே, அதற்கு வேண்டிய கருவை எழுதி வெளியிட்டார். ஒரு தாள் சிக்கிய கோபத்திலிருந்து தொடங்கிய காரியம்! இலவசம் என்பதல்ல இதிலே முக்கியம். பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான்.

தையற்காரரின் பையனும் நானும் இரண்டு சாயங்காலங்கள் உட்கார்ந்தோம். லினக்ஸ் மின்ட் என்ற பதிப்பிலே 'எக்ஸ்எஃப்ஸிஇ' என்ற இலேசான வகையை என் கணினியிலே இறக்கி, ஒரு பென் டிரைவிலே எழுதினோம். பெட்டியைத் திறந்த கையோடு ஒரு விசையைத் தட்டினால் அது ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டுப் பென் டிரைவிலிருந்து எழுந்திருக்கும். எதையும் அழிக்காமல், ஏற்றாமல், சும்மா ஓட்டிப் பார்க்கலாம். பெண் பார்க்கிற மாதிரி. பிடிக்காவிட்டால் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு எழுந்து வந்துவிடலாம்.

திரை வந்தது, ஒலி வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. பையன் முகம் செத்துப்போயிற்று. அதற்குள்ளே இருந்த வைஃபை அட்டையைச் செய்தவர்கள், அதற்குரிய நிரலைப் பொதுவிலே சேர்க்கவிட்டிருக்கவில்லை. மறுநாள் கைப்பேசியை ஒயரால் இணைத்து, அதன் வழியாக இணையத்துக்குப் போய், அந்த ஒரு நிரலை மட்டும் தனியாகக் கொண்டுவந்தோம். அதன் பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டோம், 2 ஜி.பி. நினைவகத்தோடு, யாரோ கழித்த பெட்டியிலிருந்து இன்னொரு 2 ஜி.பி. துண்டைச் சேர்த்தோம். எல்லாமாகச் செலவு புதுப் பெட்டியின் விலையிலே பத்திலொரு பங்குகூட ஆகவில்லை. நாலைந்து நிமிஷம் மூச்சிரைத்து எழுந்துகொண்டிருந்த பெட்டி அரை நிமிஷத்துக்குள் எழுந்து நிற்கிறது. பாடம் பார்க்கிறான், எழுதுகிறான், பைத்தானிலே ஏதோ கணக்குப் போடுகிறான். பத்துப் பன்னிரண்டு தாவல்களைத் திறந்து வைத்தால் திணறத்தான் செய்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இதைக் கேட்ட என் நண்பர் ஒருவர், வங்கியிலே பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், என்மீது பாய்ந்தார். "ஏழைப் பிள்ளை என்றால் ஓட்டை உடைசல் போதுமா? நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலே விண்டோஸ்தானே கேட்பான்? நீர் தர்மம் பண்ணுவதாக நினைத்து அவன் காலை வாரிவிடுகிறீர்."

இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். இதிலே பாதி உண்மை இருக்கிறது. டாலி கணக்குப் படிக்கிறவனுக்கு இது உதவாது. அது விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. ஆட்டோகேட் இதிலே வராது. அப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவன் அதற்குரிய யந்திரத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் மற்ற பாதி? பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. அங்கே அரசுப் பள்ளிக்கூடங்களிலே இரண்டாயிரத்துச் சொச்சத்திலேயே இந்தப் பொதுத் தளத்துக்கு மாறினார்கள். அந்தப் பிள்ளைகள் வேலையில்லாமலா போய்விட்டார்கள்? ஒரு வீட்டின் சமையலறையிலே சமைக்கப் பழகியவளுக்கு இன்னொரு வீட்டிலே உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தேட ஒரு நாள் ஆகும். அவ்வளவுதானே?

'ஏழைப் பிள்ளைக்கு' என்றாரே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இது ஏழைகளுக்கான ஏற்பாடு என்று நான் எங்கே சொன்னேன்? நண்பர் வீட்டுப் பரணிலே இரண்டு லாப்டாப்புகள் கிடக்கின்றன, எனக்குத் தெரியும். ஒன்று 2016-ல் மகனுக்கு வாங்கியது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒன்று, பழைய ஆல்பத்துக்கும் உடைந்த மிக்ஸிக்கும் நடுவிலே கிடக்கும். அப்பா கைக்கடிகாரத்தை நாற்பது வருஷம் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்ட குடும்பங்கள் நாம். எட்டு வருஷத்துப் பெட்டியை வைத்திருப்பது எப்போது நமக்கு வெட்கமாயிற்று? 2022-ல் மட்டும் உலகம் கழித்துப் போட்ட மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதிலே காற்பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்படவில்லை என்றும் ஐ.நா. அறிக்கை சொல்லுகிறது. அந்த மலையிலே ஓடக்கூடிய யந்திரங்கள் எத்தனை என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என் சுயநலம். பையனுடைய பெட்டியைத் தமிழிலே பேசும்படி மாற்றினோம். 'கோப்பு', 'தொகு', 'பார்வை' என்று வரிசையாக வந்தது. எல்லாம் சம்பளமில்லாமல் யார் யாரோ இரவிலே உட்கார்ந்து மொழிபெயர்த்தது. சில இடங்களிலே அந்தத் தமிழ் பல்லைக் கடிக்க வைக்கிறது. சில இடங்களிலே மொழிபெயர்க்க ஆளில்லாமல் ஆங்கிலமாகவே நிற்கிறது. எழுத்தாளர்களாகிய நாம், தமிழுக்குக் கணினியிலே இடமில்லை என்று மேடைதோறும் அழுகிறோமே, இங்கே கதவு திறந்தே கிடக்கிறது. பிடிக்காத வார்த்தையைத் திருத்தி அனுப்பலாம். நான் ஏழு அனுப்பியிருக்கிறேன். நாலை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றை என்னைவிட நல்ல தமிழ் தெரிந்த யாரோ தக்க காரணத்தோடு மறுத்துவிட்டார்கள்.

2026 பொங்கலுக்கு அந்தப் பெண் ஊருக்கு வந்திருந்தாள். தம்பி பெட்டியைத் திறந்து காட்டினான். திரையிலே அவர்களுடைய அம்மா படம். கைக்குழந்தையாக இருந்தபோது தாயை இழந்தவன். அவனே தேடி எடுத்து மாட்டியிருக்கிறான். அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு அழிச்சோமே, அதுதானா இது?"

"அதே வம்சம்தான்" என்றேன்.

"அப்போ எதுக்கண்ணா அழிக்கச் சொன்னீங்க?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரிந்துகொள்ளாமலே சொன்னேன் என்றும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

தையற்காரரின் மைத்துனர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டரி உப்பியிருக்கிறதென்று கேள்வி. அதை மின்சாரத்திலே சொருகவே வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.