யார் கண்ணுக்கு இந்தத் தோள்?



உத்தமபாளையத்துக்கு அருகே பல்லவராயன்பட்டி. சின்னமனூரை அடுத்து அய்யம்பட்டி. இந்த இரண்டு ஊரின் பெயரைச் சொன்னதும் வாடிவாசல் நினைவுக்கு வராத ஆண்மகன் கம்பம் பள்ளத்தாக்கிலே உண்டா? ஏலத்தோட்டத்துக் கூலியும் வருகிறான், திராட்சைக்குப் பந்தல் போடுகிறவனும் வருகிறான், திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனவனும் இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடி வருகிறான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நிற்க இடமில்லை. கட்டை கட்டிய மேடையிலே ஒருவன் முதுகிலே இன்னொருவன் சாய்ந்துகொண்டு, காலை முதல் மாலை வரை கண் கொட்டாமல் பார்க்கிறான். எதைப் பார்க்கிறான்?

மாட்டைப் பார்க்கிறேன் என்பான். பாதி உண்மைதான். மாட்டை மட்டும் பார்ப்பதென்றால் சந்தைக்குப் போகலாமே, அங்கே தள்ளுமுள்ளு இல்லையே! அவன் கண் போகிற இடம் வேறு. காளை பாய்ந்து வரும்போது ஒருவன் ஓடாமல் நிற்கிறானே, அவன்மீது போகிறது. திமிலைத் தழுவித் தொங்குகிற தோள்மீதும், புழுதியும் வியர்வையும் அப்பிய முதுகுமீதும், நிலத்திலே ஊன்றிய காலின் நரம்புமீதும் போகிறது. கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலை இழுக்கக் கூடாது, திமிலை மட்டும்தான் தழுவ வேண்டும் என்பது களத்தின் விதி. அடக்குவது என்று சொல்கிறோமே தவிர, சங்கத் தமிழ் இதற்கு வைத்த பெயர் ஏறு தழுவுதல். அந்தத் தழுவலைப் பார்க்கத்தான் ஆயிரம் ஆயிரமாக ஆண்கள் கூடுகிறார்கள்.

ஆணின் உடலை ஆண் பார்த்து வியக்கிறான். இதை வெளிப்படையாகச் சொன்னால் சிலருக்குக் கூச்சம். ஏன் கூச்சம்? 1956ல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்திலே எம்.ஜி.ஆர். காளையோடு மோதினாரே, அந்தக் காட்சிக்குக் கொட்டகையிலே விசிலடித்தவர்கள் எல்லாம் பெண்களா? தோளைப் பார்த்து, மார்பைப் பார்த்து, மீண்டும் மீண்டும் டிக்கெட் வாங்கியவர்கள் நம் அப்பன்மார்கள் அல்லவா, பாட்டன்மார்கள் அல்லவா? கபடி மைதானத்திலே மின்விளக்கின் கீழே தொடை தட்டிப் பாடி வருகிறவனை, சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதுவும் இதுதான்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. கிரேக்கத்திலே, ஒலிம்பியாவிலே, வீரர்கள் ஆடையின்றி ஓடினார்கள், மல்லாடினார்கள். பார்க்க வந்தவர்கள் ஆண்கள். மணமான பெண் அந்தப் பக்கம் தலைகாட்டினால் மலையுச்சியிலிருந்து உருட்டிவிட வேண்டும் என்பது சட்டம்! பவுசானியாஸ் என்ற பயணி இதை எழுதி வைத்திருக்கிறார். கூடவே ஒரு தாயின் கதையையும் எழுதினார். கல்லிபாதெய்ரா என்று பெயர். மகனுக்குத் தானே பயிற்சியாளன்போல ஆண் வேடம் பூண்டு உள்ளே போய்விட்டாள். மகன் வென்றான். மகிழ்ச்சி தாங்காமல் வேலியைத் தாண்டிக் குதித்தாள்; உடை விலகியது; வேடம் கலைந்தது. தகப்பனும் உடன்பிறந்தாரும் மகனும் ஒலிம்பியாவில் வென்றவர்கள் என்பதால் உயிரோடு விட்டார்கள். ஆனால் அன்று முதல் பயிற்சியாளர்களும் ஆடையின்றித்தான் வரவேண்டும் என்று விதி செய்தார்களாம். பெற்ற தாயின் கண்ணைத் தடுக்க எத்தனை பாடு பாருங்கள்!

நம் நாட்டிலே அப்படியில்லை. கலித்தொகையை எடுத்துப் பாருங்கள், முல்லைக்கலியைப் பாருங்கள். ஏறு தழுவும் களத்திலே ஆயர் மகளிர் கூடி நிற்கிறார்கள். பார்க்கிறார்கள். கொம்புக்கு அஞ்சுகிறவனை நான் தழுவமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஆணின் உடல்மீது தனக்குள்ள ஆசையைப் பெண் ஊரறியச் சொன்ன களம் அது. அதிலே குறை இல்லையா? உண்டு. இந்தக் காளையைத் தழுவுகிறவனுக்கு இந்தப் பெண் என்று அவளையே பரிசாக வைத்தார்கள். இன்று பெண்ணுக்குப் பதில் பீரோ, கட்டில், மிதிவண்டி, அலங்காநல்லூரிலே கார். அந்த மட்டில் முன்னேற்றம்தான்! ஆனால் அன்று களத்தைச் சுற்றி இருந்த அந்தப் பெண்ணின் கண் இன்று எங்கே? எண்ணிப் பார்த்தால் மேடையிலே நூற்றுக்கு எத்தனை பெண்கள் இருப்பார்கள்? கிரேக்கன் சட்டம் போட்டுத் தடுத்தான். நாம் சட்டம் எதுவும் போடாமலே, தள்ளுமுள்ளாலும், கேலியாலும், பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்ற பார்வையாலும் தடுத்துவிட்டோம்.

வத்தலக்குண்டுக்காரர் சி.சு.செல்லப்பா எழுதிய ‘வாடிவாசல்’ கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே களத்தைச் சுற்றி முழுக்க ஆண் கண்கள். தகப்பனைக் கொன்ற காரிக் காளையை மகன் பிச்சி பிடிக்க வருகிறான். காளைக்குச் சொந்தக்காரர் ஜமீன்தார். மாடு பிடிபட்டால் ஜமீன் மானம் போயிற்று. கடைசியிலே காளை பிடிபடுகிறது. தோற்ற காளையை ஜமீன்தாரே சுட்டுத் தள்ளுகிறார். மாடு என்ன குற்றம் செய்தது? ஆண்களின் மானத்தைத் தன் முதுகிலே சுமந்தது, அவ்வளவுதான்.

உழைப்பவன் ஏன் அங்கே ஓடுகிறான் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆண்டு முழுவதும் குனிந்தே இருக்கிற முதுகு அவனுடையது. மேஸ்திரியிடம் குனிகிறான், கடைக்காரரிடம் குனிகிறான், கந்துக்காரனிடம் குனிகிறான். அவனைப்போலவே கஞ்சி குடித்து வளர்ந்த ஒருவன், சட்டையிலே எண்ணைக் குத்திக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்த்திருக்க நிமிர்ந்து நிற்கிறான். அந்த நிமிர்வைத் தன் நிமிர்வாக எண்ணி இவன் கை தட்டுகிறான். இதைப் பழிப்பேனா? மாட்டேன். எந்தத் தெருப் பையன் எந்தத் தெரு மாட்டைத் தொடலாம் என்று சாதி பார்க்கிற இடங்களிலேதான் எனக்குப் பழிப்பு உண்டு.

கண்ணுக்குள்ளே இன்னொன்றும் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆணைப் பார்க்கும் ஆண்களிலே பெரும்பாலோருக்கு அது வியப்பு, ஏக்கம், நமக்கு இப்படி ஓர் உடல் இல்லையே என்ற பொறாமை. (தொப்பையைத் தடவிக்கொண்டே, “நானாயிருந்தால் விட்டிருக்கமாட்டேன்” என்று சொல்கிற அண்ணன்மார்கள் எந்த ஊரில்தான் இல்லை?) வேறு சிலருக்கு அது காதலாகவே இருக்கும். ஆணை நேசிக்கும் ஆண் இந்தப் பள்ளத்தாக்கிலும் பிறக்கிறான், வளர்கிறான், நம்மோடு தேநீர்க் கடையிலே உட்காருகிறான். வாய் திறந்து சொல்லமாட்டான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். வெள்ளைக்காரன் இந்த நாட்டிலே குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிறக்கும்போதே குற்றவாளி! ஆண்பிள்ளையானால் கைரேகை பதிய வேண்டும். இரவிலே வீட்டில் உறங்கக் கூடாது, காவல் நிலையத்திலே போய்ப் படுக்க வேண்டும். திருடினானா, இல்லையா என்ற கேள்வியே இல்லை. கணவாய்க்கு அப்பால், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரிலே ரேகை வைக்கமாட்டோம் என்று ஊரே நின்றது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. 16 பேர் மாண்டார்கள். அவர்களிலே மாயக்காள் ஒரு பெண். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்திலே ஒழிய 1947 ஆயிற்று.

அதே வெள்ளைக்காரன் 1860ல் எழுதிய தண்டனைச் சட்டத்திலே 377 என்று ஒரு பிரிவும் வைத்தான். ஆணும் ஆணும் மனமொத்துக் கூடினாலும் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றது அது. யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் அடிக்கவில்லை, ஆனாலும் குற்றவாளி. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் விரும்பிச் சேர்வது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொல்லும்வரை அந்தக் கத்தி அவர்கள் தலைமேலே தொங்கியது. நோய் என்று சொல்லி அவர்களை மாற்ற முயல்வதை 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. பிறப்பால் குற்றவாளி என்ற முத்திரை எப்படிச் சுடும் என்பது உங்கள் பாட்டன் கட்டைவிரலுக்குத் தெரியும் தோழர்களே. அந்தக் கட்டைவிரலின் பேரன், இன்னொருவன் பிறவியைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறான்?

களத்தின் மீது எனக்குப் பகையில்லை. 2014 மே 7ல் தடை வந்தபோது கொதித்தவர்களில் நானும் ஒருவன். 2017 சனவரியிலே மெரினாவிலே கூடிய கூட்டத்தை மறக்க முடியுமா? கைக்குழந்தையோடு வந்தாள் தாய். இரவு முழுக்க மணலிலே இருந்தாள் கல்லூரி மாணவி. யாரும் அவளைப் பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை. 2023 மே 18ல் அரசியல் சாசன அமர்வு நம் சட்டம் செல்லும் என்றது. மீட்டுக் கொடுக்கையிலே அவள் வேண்டும். மீண்ட பிறகு மேடையிலே அவளுக்கு ஒரு பலகை கிடையாதா? காளைக்குத் தவிடு வைத்து, தண்ணீர் காட்டி, பிள்ளைபோல வளர்ப்பது பல வீடுகளிலே பெண்கள். அவர்களே கயிற்றைப் பிடித்து வாடிவாசலுக்குக் கொண்டு வருகிறார்கள். திருநங்கைகள் வளர்த்த காளைகளும் வந்திருக்கின்றன.

எனக்குக் கோபம் ஒலிபெருக்கிமீது. மாடு பிடிபடாமல் போனால், “நீயெல்லாம் ஆம்பளையா?” என்கிறது. தயங்கி நிற்கும் பையனை, “போய்ச் சேலை கட்டிக்க” என்கிறது. ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் பதினெட்டு வயதுப் பிள்ளை, தன் கால் பின்வாங்கச் சொன்ன பிறகும் முன்னே போகிறான். குத்துப்பட்டுத் தேனி மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும்போது சிரித்தவன் ஒருவனும் வண்டியிலே ஏறமாட்டான்.

சேலை கட்டியவள் யார்? விடியுமுன்னே கம்பத்திலும் போடியிலும் தேவாரத்திலும் ஜீப் வந்து நிற்கிறதே, அதிலே நெருக்கி அடைத்துக்கொண்டு குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் மேலே போகிறவள். மலை வளைவுகளிலே அந்த ஜீப்புகள் கவிழ்ந்த கதை இந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டுக்குத் தெரியாது? மேலே போனால் மழை, அட்டை. ஏலக்காய் செடியின் உச்சியிலே காய்ப்பதில்லை. அடியிலே, தரையோடு காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து அதைப் பறிக்கிறாள். போடியிலே ஏலம் போகிற ஒவ்வொரு மூட்டையிலும் அவள் இடுப்பு வலி இருக்கிறது. மறுநாள் அதே ஜீப்பிலே ஏறுகிறாள். திமிலைத் தழுவுவது சில நொடி. இவளுக்கு எந்த ஒலிபெருக்கி பெயர் சொல்லியது? கோழையைக் குறிக்க இவள் சேலையா கிடைத்தது?

ஊர் ஒலிபெருக்கியை மட்டும் சொல்லி என்ன பயன்! அரசியல் மேடையிலே என்ன பேசுகிறோம்? எதிராளி பதில் சொல்லாவிட்டால், “ஆண்மையிருந்தால் வா” என்கிறோம். அமைச்சரைக் கண்டிக்க வளையல் பார்சல் அனுப்புகிறார்கள். எந்தக் கட்சி அனுப்பவில்லை? வளையல் போட்ட கை என்ன செய்யும் என்று பெருங்காமநல்லூரிலே போய்க் கேளுங்கள். பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலிலே, பெண் விடுதலை பெற வேண்டுமானால் ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்று எழுதினார். வீரமும் துணிவும் ஆணுக்கே உரியவை என்று மொழியிலேயே பட்டா போட்டு வைத்ததைத்தான் அவர் சாடினார். மாலை போட்டு அவர் சிலையை வணங்கிவிட்டு, மேடையேறி ஆண்மை கேட்கிறோம். பொட்டை என்றும் ஒன்பது என்றும் ஏசிய நாடு, திருநங்கை என்று அழைக்கக் கற்றது. 2008ல் அவர்களுக்கு நல வாரியமும் கண்டது. கற்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

புதுக்கோட்டைச் செங்கல் சூளைக் குடும்பத்திலே பிறந்த சாந்தி, 2006ல் தோகாவிலே 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண் என்றால் உடல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு படி வைத்திருக்கிறார்கள். அவர் அந்தப் படிக்குள் அடங்கவில்லையாம். ஓடியது கால்தானே, அது பொய்யா?

அடுத்த மாசியிலோ தையிலோ விழாக் குழு கூடும். அந்தக் குழுக்களிலே நம் கிளைத் தோழர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கி பிடிக்கிற அண்ணனை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள். மாட்டின் பெயரைச் சொல்லட்டும், வீரன் பெயரைச் சொல்லட்டும், வளர்த்தவள் பெயரைச் சொல்லட்டும். ஆம்பளையா என்று கேட்க வேண்டாம். மேடையிலே பெண்களுக்கு என்று நிழலோடு ஒரு பக்கம் கட்டுங்கள், அங்கே இளவட்டங்கள் ஏறாமல் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்வாங்கி வெளியே வருகிற பையனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள்.