இருட்டுக்கு வாங்குங்கள், மங்கலுக்கு வேண்டாம்

மாசி மாதப் பௌர்ணமி வந்தால் மாமல்லபுரம் கடற்கரையில் இரண்டு கூட்டம் சேரும். ஒன்று இருளர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் குச்சி நட்டு, புடவையைச் சுற்றிக் கூடாரம் போட்டு இரவு தங்குவார்கள். விடியற்காலையில் மணலில் ஏழு படி கட்டி கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த மணலிலேயே நடக்கும்.

இன்னொன்று, கேமராக்காரர்கள் கூட்டம்!

இந்த இரண்டாவது கூட்டத்தில் மாணவர்கள் பலர். அவர்களில் சிலர் கையில் இப்போது ஒரு புது சாமான் இருக்கிறது. மிரர்லெஸ் கேமராவில் மாட்டிய எஃப்/0.95 மேனுவல் லென்ஸ். அது நல்ல சாமானா என்று கேட்டால், நல்ல சாமான்தான். ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைத் தப்பான காரணத்துக்கு வாங்குகிறார்கள்.

முதலில் அது என்ன என்று தெரியாதவர்களுக்காக. லென்ஸில் எஃப் எண் எவ்வளவு குறைவோ, வாய் அவ்வளவு பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அவ்வளவு அதிகம். கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸ் எஃப்/3.5ல் ஆரம்பிக்கும். அதோடு ஒப்பிட்டால் எஃப்/0.95 சுமார் 13 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு காலத்தில் இது பணக்காரர்களின் பொருள். கேனான் 1961ல் ஒரு 50 மி.மீ. எஃப்/0.95 லென்ஸ் கொண்டு வந்தது. 2008ல் லைக்கா கொண்டு வந்த நாக்டிலக்ஸ் எஃப்/0.95 பத்தாயிரம் டாலர் சமாச்சாரம். 2020 வாக்கில் செவன் ஆர்ட்டிசன்ஸ், டிடி ஆர்ட்டிசன் போன்ற சீன நிறுவனங்கள் சிறிய சென்சார் கேமராக்களுக்கு 35, 50 மி.மீ. அளவுகளில் எஃப்/0.95 லென்ஸ்களை 200 முதல் 250 டாலருக்குள் இறக்கிவிட்டன.

எப்படி இவ்வளவு மலிவு? உள்ளே மோட்டார் கிடையாது, மின்சுற்று கிடையாது. கண்ணாடியும் உலோகமும்தான். ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். மிரர்லெஸ் கேமராவின் உடலமைப்பும் உதவுகிறது. கேனானின் பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ. தூரம். கண்ணாடி மடங்கி எழ இடம் வேண்டுமே! சோனி மிரர்லெஸ்ஸில் அதே தூரம் 18 மி.மீ. தான். அதனால் லென்ஸ் வடிவமைப்பவருக்கு வேலை சுலபம். படம் பிடிப்பவருக்கும் சுலபம்தான். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம்.

சரி, தப்பு எங்கே?

விளம்பரம் எல்லாம் "பின்னணி கரையும்" என்பதைத்தான் விற்கிறது. கணக்குப் பாருங்கள். 35 மி.மீ. லென்ஸை எஃப்/0.95ல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தைப் படம் பிடித்தால், தெளிவாக இருப்பது சுமார் 3 சென்டிமீட்டர் ஆழம் மட்டும்தான். கண் தெளிவாக இருக்கும், காது இருக்காது. காதே இல்லாதபோது கடற்கரைக் கோயில் எங்கே இருக்கப் போகிறது? பல்லவ ராஜசிம்மன் காலத்துக் கோயில், 1984ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, படத்தில் ஒரு பழுப்பு நிறக் கறை! இதற்கு மாமல்லபுரம் வரை பஸ் ஏற வேண்டாம். கல்லூரிக் காம்பவுண்ட் சுவரே போதும்.

கோயில் கறையானால் கோயிலுக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை. மனிதர்கள் விஷயம் அப்படி இல்லை. மாசி மகத்து இரவில் ஒரு இருளர் பாட்டியின் முகத்தை ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து எஃப்/0.95ல் எடுத்தால் என்ன கிடைக்கும்? சுருக்கங்கள், ஒரு கண், சுற்றிலும் வண்ணக் குமிழ்கள். அவர் எதற்கு அங்கே வந்தார், யாரோடு வந்தார், பக்கத்தில் யாருக்குக் கல்யாணம் என்று எதுவும் படத்தில் இல்லை. கூட்டமாக வருவதுதான் அந்தத் திருவிழாவின் அர்த்தமே. லென்ஸ் அந்தக் கூட்டத்தை அழித்துவிட்டு ஒரு "பழங்குடி முகத்தை" மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்கிறது. பாம்பு பிடிப்பதில் இருக்கும் அறிவுக்காக, இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெயரும் தொழிலும் உறவும் உள்ளவர்கள் அவர்கள். வெறும் முகமாகச் சுருக்குவது நியாயமா?

அப்படியானால் லென்ஸே வேண்டாமா? வேண்டும். அதன் உண்மையான வேலை வெளிச்சம்.

கிருஷ்ண மண்டபத்துக்குள் பால் கறக்கும் காட்சி ஒன்று பாறையில் இருக்கிறது, பசு கன்றை நக்குகிறது. அதற்கு முன்னால் பிற்காலத்தில் தூண் மண்டபம் கட்டிவிட்டதால் உள்ளே வெளிச்சம் குறைவு. மகிடாசுரமர்த்தினி குகையும் அப்படித்தான். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். கிட் லென்ஸில் கால் நொடி ஷட்டர் கேட்கும் இடத்தில், எஃப்/0.95ல் 1/50 நொடி போதும். கையில் பிடித்தே எடுக்கலாம். பாறை தூரத்தில் இருப்பதால் தெளிவின் ஆழமும் கூடும்.

திருவிழா இரவிலும் இதே வழிதான். மூன்று மீட்டர் தூரத்தில் நின்றால் அதே 35 மி.மீ. லென்ஸில் தெளிவின் ஆழம் சுமார் 28 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆள் முழுதாகத் தெரிவார். பின்னால் கூடாரம் மங்கினாலும் கூடாரம் என்று புரியும். கூடாரத்து விளக்கே போதும் என்பதால், தூங்கும் குழந்தை முகத்தில் ஃபிளாஷ் அடிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பணம் தகும். நிலா மட்டும்தான் வெளிச்சம் என்றால் மாயம் எதுவும் நடக்காது. பௌர்ணமியிலும் ஐஎஸ்ஓ 6400 வைத்தால் சுமார் 1/10 நொடி ஆகும், கை ஆடும்.

இங்கே ஸ்டான்லி குப்ரிக்கை நினைத்துக்கொள்ளலாம். 1975ல் வந்த 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுக்க அவர் பயன்படுத்தியது நாசாவுக்காகச் செய்யப்பட்ட சைஸ் 50 மி.மீ. எஃப்/0.7 லென்ஸ். நோக்கம் மங்கல் இல்லை, இருட்டை இருட்டாகவே காட்டுவது. நம் ஊரில் பாலு மகேந்திரா இயற்கை ஒளியை நம்பியதும் அதே மரியாதைதான். இருக்கும் வெளிச்சத்தைக் கெடுக்காதே என்பது பாடம்.

"இப்போதுதான் நாய்ஸ் நீக்கும் மென்பொருள் இருக்கிறதே, ஆட்டோஃபோகஸ் எஃப்/1.8 போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓடுகிற குழந்தை, கபடி, கல்யாண வரவேற்பு என்றால் அதுவே போதும், அதுவே நல்லது. மேனுவல் லென்ஸ் அங்கே கைவிட்டுவிடும். எஃப்/0.95ல் படம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும், ஓரங்கள் இருளும், பளீர் ஓரங்களில் ஊதா நிறம் கசியும். உச்சி வெயிலில் திறந்து வைத்தால் ஷட்டர் 1/25000 நொடி கேட்கும். சாதாரண ஷட்டரின் எல்லை 1/4000. வெயிலில் எஃப்/8க்குச் சுருக்குவது வெட்கம் இல்லை!

வணிகவியல் கண்ணால் பார்த்தாலும் ஒரு கணக்கு உண்டு. கேமரா உடல் வருடா வருடம் தேய்மானம் காணும். மின்சுற்று இல்லாத லென்ஸ், அடி படாமல் பார்த்துக்கொண்டால், அடுத்த கேமராவுக்கும் வளையம் மாறாதவரை பொருந்தும். ஆனால் மறுவிற்பனையில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். எனவே முதல் லென்ஸாக, அதுவும் இஎம்ஐ போட்டு வாங்க வேண்டாம். கிட் லென்ஸிலேயே ஃபோகஸைக் கைக்கு மாற்றி ஒரு மாதம் பழகுங்கள். பிடித்திருந்தால், இருட்டில் வேலை இருந்தால், வாங்குங்கள்.

கையால் ஃபோகஸ் செய்ய இரண்டு மூன்று நொடி ஆகும். எதிரே இருப்பவர் அதுவரை அசையாமல் இருக்க வேண்டும். அதற்கு அவரிடம் "எடுத்துக்கலாமா அம்மா?" என்று கேட்டே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும். திருட்டுத்தனமாகப் படம் பிடிக்க இந்த லென்ஸ் லாயக்கு இல்லை. மலிவு லென்ஸின் பெரிய குறை என்று சொல்லப்படும் அதுதான், மாசி மகத்து மணலில் அதன் பெரிய குணம்.