குரல் போன வாரம்

வானொலியில் வேலை செய்பவளுக்கு வரக்கூடாத ஒன்று போன மாதம் எனக்கு வந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து "அம்மா" என்று கூப்பிட்டேன். காற்று மட்டும்தான் வந்தது. இரண்டு நாளாக இருந்த சளி என் குரலை வாரிக்கொண்டு போயிருந்தது. கிளினிக்கில் டாக்டர், குரல்நாண்கள் வீங்கியிருக்கின்றன என்றார். ஐந்து நாள் எம்சி. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வாயே திறக்கக்கூடாது. 'கிசுகிசுன்னு பேசலாமா?' என்று கைப்பேசியில் தட்டிக் காட்டினேன். "அதுவும் கூடாது. அதுலயும் குரல்நாணுக்குச் சிரமம்தான்" என்று சொல்லிவிட்டார்.

அதே திங்கட்கிழமைதான் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. தேதி முன்பே குறித்தது. தம்பி அழைத்துப் போனான். மதியத்துக்கெல்லாம் கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். குனியக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, பளு தூக்கக்கூடாது. இடது கண்ணிலும் புரை இருக்கிறது, அதற்கு அடுத்த மாதம்.

சோபாவின் ஒரு மூலையில் அவர். என் சளி அவருக்கு ஒட்டிவிடக்கூடாது என்று முகக்கவசத்தோடு மறு மூலையில் நான். அம்மா இடுப்பில் கை வைத்து எங்கள் இருவரையும் பார்த்தார். "ஒருத்தருக்குக் கண்ணு இல்ல, ஒருத்திக்கு வாய் இல்ல. நல்ல ஆஸ்பத்திரி நடத்துறேன் நான்."

மாலையில் அப்பா சொன்னார்: "அந்தப் படத்தப் போடும்மா."

எங்கள் வீட்டில் 'அந்தப் படம்' என்றால் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. 1964இல் வந்தது. கிள்ளானில் நாங்கள் வாடிக்கையாகப் படம் எடுத்த வீடியோ கடையை மூடியபோது, கடைக்காரரிடம் அப்பா விலை கொடுத்து வாங்கிய நாடா அது. நாடா தேய்ந்து, அதைப் போடும் பெட்டியும் கெட்டுப்போய் பல வருஷமாகிறது. இப்போது கைப்பேசியில் தேடி டிவியில் போடுகிறோம்.

உடம்பு சரியில்லாதபோது பழைய நகைச்சுவைக்கு இணையான துணை இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் கிடையாது. நடுவில் கண்ணயர்ந்தாலும் கதை தப்பாது. மருந்து நேரத்துக்கு எழுந்து போய் வந்தாலும் விட்ட இடத்தில் உட்கார்ந்து சிரிக்கலாம்.

எனக்குத்தான் சத்தமாகச் சிரிக்கவும் அனுமதி இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அப்பா, "சோபா ஆடுது. சிரிக்கிறியா?" என்றார்.

அந்தக் காட்சி வந்தது. சினிமா பைத்தியம் பிடித்த செல்லப்பாவாக நாகேஷ், அப்பா விஸ்வநாதனாக வரும் பாலையாவிடம் பேய்க் கதை சொல்லும் காட்சி. ஊடகவியல் படித்த காலத்தில், ஒலியை மட்டும் வைத்துப் படம் காட்டுங்கள் என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நான் முதலில் நினைத்தது இந்தக் காட்சியைத்தான். பேய்க் கதைக்கு வேண்டிய சத்தமெல்லாம் நாகேஷ் வாயிலிருந்தே வரும். ஆனால் காட்சியில் பாதிதான் வானொலிக்கு ஆகும். மீதிப் பாதி பாலையாவின் முகம். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு கண் மூடியிருக்கிறது, மறு கண்ணில் பனிமூட்டம். பாலையா என்ன செய்கிறார் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எழுதிக் காட்டினாலும் அவரால் படிக்க முடியாது. என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"இப்ப கண்ண உருட்டுவாரு பாரு... இப்ப எச்சில் முழுங்குவாரு... இப்ப அந்த மொகத்தப் பாரு!"

திரையைப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நான் ஆச்சரியமாக அவர் கையைத் தட்டினேன். "என்ன பாக்குற? ஒரு வருஷமா இப்படித்தாம்மா படம் பாக்குறேன். புதுப் படம்னா ஒன்னும் தெரியல. இதுன்னா மனப்பாடம்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

'எங்க அப்பாவுக்கு 1964க்குப் பிறகு சினிமாவே வரல' என்று நிகழ்ச்சியில் நான் எத்தனையோ தடவை கிண்டலடித்திருக்கிறேன். அவர் தினமும் கோப்பி குடித்துக்கொண்டே என் நிகழ்ச்சியைக் கேட்பவர். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. இரவில் காரை எடுக்காமல் தம்பியிடம் சாவியைக் கொடுத்ததையும் வயசு என்றுதான் நினைத்தேன். காலை ஆறு மணிக்கு ஊரையே நலம் விசாரிக்கிற எனக்கு, வீட்டில் ஒருவர் பார்வை மங்கிக்கொண்டு போனது தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிய பிறகுதான் எங்களுக்கே சொன்னார்.

குரல் இருந்திருந்தால் "ஏன்பா சொல்லல?" என்று சண்டைக்கே போயிருப்பேன். இல்லாததால் அவர் பேசினார். "நீ இருட்டுல எழுந்து ஓடுற. உனக்கு இது வேறயா? சின்ன விஷயம்தானே." படம் பாட்டுக்கு ஓடியது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கண்மூடியை எடுத்தார்கள். முதலில் மசமசப்பு, பிறகு நாளுக்கு நாள் தெளிவு. வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே படம். அப்பா கொஞ்ச நேரம் சிரிக்கவே இல்லை. பிறகு, "இந்தப் படம் இவ்வளவு கலரா?" என்றார். புரை பார்வையை மட்டும் மறைப்பதில்லை, நிறங்களையும் மங்கலாக்கி மஞ்சள் பூசிவிடுகிறது.

என் குரலும் ஞாயிற்றுக்கிழமை பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் சும்மா இருக்காதீர்கள், தொண்டை நிபுணரைப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் ஒரே பழைய படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது ரசனையாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் இடது கண். "அன்னிக்கும் அந்தப் படம்தானே?" என்றேன், வந்த குரலை வைத்துக்கொண்டு.

"வேணாம். புதுசா ஏதாச்சும் போடு" என்றார் அப்பா.