பித்தளையின் பளபளப்பும் ஈயத்தின் தூசியும்

அண்மையில் ஓர் இரவு, கனடாவின் எட்மன்ரன் நகரிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்திருந்தான். சுகம் விசாரித்து முடிப்பதற்குள் விடயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, ஒரு மெஷின் வாங்கப்போறன். அம்மா விடுறா இல்லை. நீங்கள் ஒருக்கால் அவவோட கதையுங்கோ."

அவன் வாங்க நினைத்தது, சுட்டு முடிந்த ரவைகளின் வெற்றுக் கோதுகளைச் சுத்தம் செய்யும் இயந்திரம். வேலைத்தலத்து நண்பர்களுடன் அவன் மான் வேட்டைக்குப் போய்வரத் தொடங்கிச் சில வருடங்களாகின்றன. பயிற்சி பெற்று, பரீட்சையில் தேறி, உரிமம் எடுத்துச் சட்டப்படி செய்யும் காரியம் அது. வேட்டைப் பருவம் குறுகியதென்றாலும், குறி பிசகாதிருக்கப் பயிற்சிக் களத்தில் இடையிடையே சுட்டுப் பழகவேண்டும். கடையில் விற்கும் ரவைகளின் விலை அதிகம். ஆகவே கோதுகளைப் பொறுக்கிவந்து மீண்டும் நிரப்பிக்கொள்வது வட அமெரிக்காவில் பலருக்குச் சிக்கனமாகவும் பொழுதுபோக்காகவும் இருந்துவருகிறது.

மறுநாள் அக்காவுடன் பேசினேன். "ஊரில இருந்த காலம் முழுக்க வெடிச்சத்தம் கேட்டனாங்கள். இஞ்ச வந்தும் அந்தக் கோதுகளைக் கழுவி மினுக்கி வைச்சிருக்க வேணுமோ?" என்றார். இதற்குப் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இரு தரப்பையும் கேட்ட பின்னர் இருவருமே சொல்லாத ஒன்று இருக்கிறதா என்று தேடுவது பத்திரிகைத் தொழில் கற்றுத்தந்த பழக்கம். துப்பாக்கி பிடித்தறியாத நான், சில நாள்கள் இது பற்றி வாசித்தேன்; விடயம் தெரிந்தவர்களைக் கேட்டேன். மகன் பளபளப்பைப் பற்றிப் பேசுகிறான், தாய் வெடியைப் பற்றிப் பேசுகிறார், இருவரும் பேசவேண்டியதோ ஈயத்தைப் பற்றி என்பதே நான் வந்தடைந்த முடிவு. அந்த வீட்டில் தவழ்ந்து திரியும் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோதைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரு ரவையில் நான்கு உறுப்புகள் உண்டு: முன்னே பாயும் சன்னம், அதைத் தள்ளும் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், இவை மூன்றையும் தாங்கும் பித்தளைக் கோது. சுட்ட பின்னர் மிஞ்சுவது கோது மட்டுமே. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் (தமிழகத்தில் துத்தநாகம் என்பர்) சேர்ந்த பித்தளை அது. வெடிக்கும் கணத்தில் விரிந்து குழாயின் அடியை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளியே வரும். இந்த நெகிழ்ச்சியினாற்றான் ஒரே கோதைப் பல தடவை பயன்படுத்த முடிகிறது.

கோதை ஏன் சுத்தம் செய்யவேண்டும்? அழகுக்காக அல்ல. விரிந்த கோதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஓர் உருக்கு அச்சினுள் அழுத்துவார்கள். மணலோ புழுதியோ ஒட்டியிருந்தால் அச்சிலும் கோதிலும் கீறல் விழும். அதைவிட முக்கியமானது, அழுக்கின் கீழே மயிரிழை வெடிப்பு மறைந்திருக்கலாம் என்பது. வெடிப்புள்ள கோதை நிரப்பிச் சுடுவது முகத்துக்கே ஆபத்தாகலாம். ஆகவே தேவைப்படுவது புழுதி நீங்கி, கண்ணால் சோதிக்கக்கூடிய அளவு சுத்தம். தங்கம்போல் மின்னவேண்டும் என்பது விற்பனையாளர்களின் ஆசை.

சந்தையில் இருப்பவை மூன்று வகை. முதலாவது அதிர்வு இயந்திரம். ரம்ளர் என்கிறார்கள், நாம் தண்ணீர் குடிக்கும் தம்ளர் அல்ல. ஒரு கிண்ணத்தில் கோதுகளுடன், மணி உதிர்த்த சோளப் பொத்தியை அரைத்த தூளையோ வால்நட் கொட்டையின் ஓட்டுத்தூளையோ நிரப்பிச் சில மணி நேரம் அதிரவிடுவது. விலை குறைவு, நீர் வேண்டாம், காயவைக்கும் வேலை இல்லை. மருமகன் வாங்க நினைத்தது இதைத்தான்.

இரண்டாவது நீர் உருளி. மூடிய பீப்பாயினுள் நீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம், சிறிதளவு சித்திரிக் அமிலம், துருவேறா உருக்கின் சிறு ஊசித் துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துச் சுழலவிடுவது. கோதின் உள்ளும் புறமும் புதிதுபோல் ஆகிவிடும். ஆனால் ஒவ்வொரு கோதையும் அலசிக் காயவைக்கவேண்டும். ஊசித் துண்டு எதுவும் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். அதிக நேரம் சுழன்றால் கோதுகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு நசியும்.

மூன்றாவது மீயொலித் தொட்டி. செவிக்கு எட்டாத ஒலி அலைகள் நீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி உடைக்க, இடுக்குகளில் இருக்கும் கரியும் கழன்றுவிடும். சுத்தமாகும், மின்னாது. தொட்டி சிறியதென்பதால் ஒரு தடவையில் அதிகம் போட இயலாது.

விற்பனைப் பக்கங்களில் நான் கண்ட ஒப்பீடுகள் எல்லாம் விலை, வேகம், கொள்ளளவு, மினுக்கம் என்ற நான்கையே சுற்றின. எந்த இயந்திரம் தூசியை எங்கே அனுப்புகிறது என்ற கேள்விக்கு அவற்றில் இடமிருக்கவில்லை. என்னளவில் இதுவே முதற் கேள்வி.

பெரும்பாலான பிரைமர்களில் இருப்பது ஈய ஸ்டிப்னேற்று என்னும் சேர்வை. அது வெடித்த பின்னர் ஈயம் மிக நுண்ணிய துகளாகக் கோதினுள்ளே படிகிறது. அதிர்வு இயந்திரத்தில் சோளத்தூள் அந்த ஈயத்தைத் துடைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தத் தூளில் ஈயம் கூடிக்கொண்டே போகும். வேலை முடிந்து கோதுகளை வேறாக்கச் சல்லடையில் குலுக்கும்போது எழும் புகைபோன்ற தூசிதான் மிகவும் கேடானது. நெடியில்லை, சுவையில்லை, இருமல்கூட வராது.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அச்சுக்கூடம் நினைவுக்கு வந்தது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், யுத்தத்தின் நடுவே, கையால் எழுத்துக் கோக்கும் முறை எங்கள் ஊர் அச்சகமொன்றில் இன்னும் உயிரோடிருந்தது. அச்செழுத்து என்பது ஈயமும் அந்திமனியும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகம். எழுத்துப் பெட்டியின் அறைகளில் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். அங்கிருந்த மூத்த அச்சுக்கோப்பாளர், நாங்கள் அண்ணை என்று அழைத்தவர், குனிந்து வாயால் ஊதித்தான் அதை அகற்றுவார். ஊதிய தூசி அவர் முகத்திலேயே திரும்பி வந்து படியும். அதே கையால் வடையைப் பிய்த்துத் தேநீருடன் சாப்பிடுவார். "பால் குடிச்சால் ஈயம் இறங்கிவிடும் தம்பி" என்பது அவரது நம்பிக்கை. பிற்காலத்தில் அவர் கைகள் நடுங்கின. வயிற்று வலியால் நெடுநாள் துன்பப்பட்டார். காரணம் ஈயந்தான் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். அவரது இரத்தத்தை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். அச்சகத்தில் இருந்த எவருக்கும், எனக்குந்தான், அது தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. என் தலைமுறைச் சிறுவர்கள் வீதியோரத்தில் கிடந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, வாயில் வைத்து ஊதி விசிலடித்து விளையாடினோம். ஷெல்லுக்கும் விமானத்துக்கும் அஞ்சிய எங்கள் பெற்றோர், அந்தக் கோதின் உட்சுவரில் என்ன படிந்திருக்கும் என்று அஞ்சியிருக்க நியாயமில்லை. எவருக்கும் தெரியாது.

இன்று நிலைமை வேறு. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உட்கொண்ட ஈயத்தில் பெரியவர்களின் உடல் எடுத்துக்கொள்வதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் எடுத்துக்கொள்கிறது. பாதிக்கப்படுவது வளரும் மூளை. அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் சிறுவர்களின் இரத்த ஈயத்துக்கான கவனிப்பு எல்லையை 2012 இல் டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் என வகுத்து, 2021 இல் அதனை 3.5 ஆகக் குறைத்தது. இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. 2021 இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகெங்கும் வாகனப் பெற்றோலிலிருந்து ஈயம் ஒழிந்தது. உலகமே வீதியிலிருந்து விரட்டிய ஒன்றை நாமே பணம் கொடுத்து வீட்டுக்குள் அழைக்கலாமா?

மருமகனிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இயந்திரத்தை எங்கே வைக்கப்போகிறாய்?"

"பேஸ்மென்டில மாமா. கராஜில வைச்சால் விறைச்சுப் போகும்."

எட்மன்ரனின் பனிக்காலத்தில் அவன் சொல்வது சரிதான். ஆனால் அந்நாட்டு வீடுகளில் பலவற்றில் வெப்பக் காற்று அனுப்பும் அடுப்பு இருப்பதும் நிலக்கீழ் அறையிலேயே. வீட்டுக் காற்றை உறிஞ்சிச் சூடாக்கி ஒவ்வோர் அறைக்கும் அனுப்புவது அதன் வேலை. குழந்தை தவழும் தரைவிரிப்பு வரைக்கும் தூசிக்கு வழி அமைத்துக் கொடுத்ததுபோலாகும்.

ஆகவே எனது கருத்து இது. குழந்தைகள் உள்ள வீட்டில், வீட்டுக்குள் வைப்பதற்கு உலர் இயந்திரம் வேண்டவே வேண்டாம். நீரில் கழுவும் முறையே உகந்தது. நனைந்த ஈயம் பறக்காது. மாதத்துக்கு ஐம்பது அறுபது கோதுகள் மட்டும் கழுவுபவருக்கு இயந்திரமே தேவையில்லை. ஒரு வாளி வெந்நீர், சவர்க்காரம், சிட்டிகை சித்திரிக் அமிலம், சில நிமிடங்கள், பின்னர் நன்றாக அலசல். அக்கா குத்துவிளக்கைப் புளியால் துலக்குவதும் இதே வேதியியல்தான்: புளியின் அமிலம் கறுத்த ஒட்சைட்டைக் கரைக்கிறது. அளவு மீறினால் பித்தளையிலிருந்து நாகம் கழன்று செந்நிறம் தெரியும்; அப்படியான கோது பலம் குன்றியது. எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனால் நீர் உருளியை வாங்கலாம். ஊசிகள் இல்லாமலே அது போதிய அளவு சுத்தம் செய்யும்.

நீர் முறையிலும் ஈயம் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. கழுவிய நீரில் அது இருக்கிறது. சமையலறைத் தொட்டியும், அரிதட்டும், பாத்திரங்களும் இதற்கு ஆகா. தனி வாளி, தனிச் சல்லடை, கையுறை வேண்டும். நீரை மரக்கறித் தோட்டத்தில் ஊற்றாமல், சேர்த்துவைத்து நகரசபையின் ஆபத்தான வீட்டுக் கழிவு நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். காயவைப்பதற்கு நிழலும் பொறுமையும் போதும். அதிக வெப்பத்தில் கோதின் அடிப்பகுதி மென்மையாகிவிட்டால் அது அழுத்தத்தைத் தாங்காது. ஏற்கெனவே உலர் இயந்திரம் வைத்திருப்போர் அதனை வீட்டுக்கு வெளியே, மூடியுடன், முகமூடி அணிந்து பயன்படுத்தட்டும். சிந்திய தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கட்டும்.

பளபளப்பில் மயங்கி அமோனியா கலந்த பித்தளைத் துலக்கியைத் தொடுவோருக்கு ஓர் எச்சரிக்கை நம் பக்கத்து நாட்டிலிருந்தே கிடைக்கிறது. பிரித்தானியர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படையினர், மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது பல கோதுகள் தாமாகவே வெடிப்புக் கண்டிருந்தன. அதற்கான காரணம் 1921 இல்தான் விளக்கப்பட்டது: குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, உருவாக்கும்போது பித்தளையில் தங்கிப்போன இறுக்கத்தோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்துவிட்டது. குத்துவிளக்கை மினுக்கும் திரவம் கோதுக்கு நஞ்சாகலாம். போத்தலின் பின்புறத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

அக்காவுக்கும் மகனுக்கும் இடையில் நான் செய்த சமரசம் சிறியது. இயந்திரம் வாங்கும் யோசனையை அவன் கைவிட்டுவிட்டான். கோதுகள் மூடியுள்ள வாளியில் கராஜில் காத்திருக்கின்றன. பனி கரைந்து சித்திரை பிறந்ததும் கொல்லைப்புறத்தில் கழுவுவான். பயிற்சிக் களத்துச் சப்பாத்து வாசலைத் தாண்டுவதில்லை. குழந்தையின் இரத்தத்தைச் சோதிக்கக் குடும்ப வைத்தியரிடம் நேரம் கேட்டிருக்கிறார்கள். வெடியைப் பற்றிய அக்காவின் மனக்குறை தீரவில்லை. அது நான் பேசித் தீர்க்கக்கூடியதும் அன்று.

கடல் கடந்து வாழும் நம்மவர் பலர் புதிய நாட்டின் பொழுதுபோக்குகளை விரும்பி ஏற்றிருக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. வேட்டை, மீன்பிடி, மரவேலை என்று எதுவாயினும், கருவியை வாங்கும்போது அது எத்தனை வேகம், எத்தனை மினுக்கம் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதன் தூசி எங்கே போகிறது என்றும் விற்பவரிடம் கேளுங்கள். எழுத்துப் பெட்டியை ஊதிக்கொண்டிருந்த அந்த அண்ணையிடம் நாங்கள் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அந்தக் குறை இன்றும் என் மனதில் இருக்கிறது.